காற்றில் வந்த காலைப்பாட்டு

ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியவர்கள் தம்முடன் கொணர்ந்த பொருள்களைக் கணக்கெடுத்தால், குத்துவிளக்கும் அம்மிக்கல்லும் ஊறுகாய் ஜாடியும் முன்வரிசையில் நிற்கும். அந்தக் கணக்கில் வாராத பொருள் ஒன்று உண்டு. அது பாட்டு. அதற்கு எடை இல்லை. ரயிலில் கட்டணம் இல்லை. எல்லையில் சோதனை இல்லை. எங்கே வைத்தோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், எதிர்பாராத ஓர் இடத்தில், அது தானே எழுந்து வந்து நம் கையைப் பற்றும். அப்போதுதான் அதையும் கொண்டுவந்திருக்கிறோம் என்று அறிகிறோம்.

பெங்களூரில் வாழும் எங்களுக்கு அத்தகைய அனுபவம் ஒன்று சென்ற மார்கழித் திங்களில் நேர்ந்தது. அல்சூர்ச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகையில், தேநீர்க் கடை ஒன்றில் கைபேசி வழியாக வானொலி பாடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்குரல், விடியலை வாழ்த்தும் ஒரு மெட்டு. கால் நிமிடம் கேட்டிருப்போம். அதற்குள் பேருந்து ஒன்று முழங்கிக்கொண்டு வந்து நின்றது. அது நகர்ந்தபோது பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கிவிட்டது. கடைக்காரர் பீகாரிலிருந்து வந்த இளைஞர். என்ன பாட்டு என்று அவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கோ அது மிக நன்றாகத் தெரிந்த பாட்டு. ஆனால் அதன் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. சொல்லுக்குப் பதிலாக வேறொன்று வந்தது: ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தோலுறை போட்ட டிரான்சிஸ்டர் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பும் எங்கள் தந்தையாரின் உருவம்.

எங்கள் ஊர் வேதாரணியத்தை அடுத்த ஒரு சிற்றூர். 1930-ஆம் ஆண்டில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பு அள்ளிய கடற்கரை அது. தந்தையார் உப்பளத்தில் கணக்கெழுதியவர். 1980-களில் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கும். மேலே சொன்ன பாட்டு வரும் நாள்களில் அவரும் உடன் பாடுவார். பாடும்போது ஓரிடத்தில் எங்கள் தாயாரின் பெயரைச் சேர்த்துக்கொள்வார். மற்ற வேளைகளில் எங்கள் மூத்த அண்ணன் பெயரைச் சொல்லியே தாயாரை அழைப்பது அவர் வழக்கம். மனைவியின் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்ன இடம் அந்தப் பாட்டு ஒன்றே. பிள்ளைகளாகிய நாங்கள் அப்பெயர் பாட்டிலேயே இருப்பதாக நெடுநாள் நம்பியிருந்தோம். அவர் 2003-இல் மறைந்தார். அவர் பாடிய குரல் எந்த நாடாவிலும் பதிவாகவில்லை. எனவே, கைநழுவிய அந்தக் கால் நிமிடத்தைத் தேடிப் பிடிப்பது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

ஒரு பாட்டுக்கு இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதிலும் வானொலியில் கேட்ட பாட்டுக்கு ஏன் தனிச்சிறப்பு? இவ்வினாக்களுக்கு விடை காண, வானொலி நம்மிடம் வந்து சேர்ந்த கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

தென்னாட்டில் வானொலியின் தொடக்கம் தனியார் ஆர்வத்தால் அமைந்தது. 1924-இல் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்று தோன்றி ஒலிபரப்பு நடத்தியது. பணமின்மையால் அது 1927-இல் நின்றது. அதன் கருவிகளைச் சென்னை மாநகராட்சி ஏற்று 1930 முதல் ஒலிபரப்பியது. பின்னர் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கின. நாம் இன்று வாழும் கன்னட நாட்டுக்கும் இதில் பெருமைக்குரிய பங்கு உண்டு. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த டாக்டர் எம். வி. கோபாலசுவாமி, 1935-இல் தம் இல்லத்திலேயே சிறிய நிலையம் ஒன்றை நிறுவினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்த வீட்டு நிலையத்துக்கு வழங்கிய பெயரேயாகும். அதுவே பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் உரிய பெயராயிற்று. மைசூர் நிலையம் 1955-இல் பெங்களூருக்கு இடம் மாறியது. மனத்தின் இயல்பை ஆராய்ந்த ஒருவர் வானொலியையும் நட்டு வளர்த்தார் என்பது நம் பொருளுக்குப் பொருத்தமான செய்தியன்றோ!

இனித் திரைப்பாடலின் கதை. 1952-இல் மத்திய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையில் பெரும்பற்றுடையவர். திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தே போயின. கேட்போர் என்ன செய்தனர்? பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்காக நேசநாடுகள் இலங்கையில் நிறுவிய வானொலி நிலையம் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. அதன் ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவி இந்தியா முழுவதும் கேட்கத்தக்கது. எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் அதன் வழியே தமிழர் வீடுகளில் உறவினர் குரல்போல் பழகிற்று. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. ஆனால் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் விழுந்த பழக்கம் எளிதில் மாறவில்லை. கடற்கரை மாவட்டங்களில் அது எங்கள் தலைமுறை வரை நீடித்தது.

கொழும்பு பெங்களூரிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வளவு தொலைவிலிருந்து ஒலி எவ்வாறு வந்தது? சிற்றலைகள் வான்நோக்கிச் சென்று, பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்கு வருகின்றன. அவ்வடுக்கு நிலையாக நிற்பதன்று. கதிரவனின் நிலைக்கேற்ப ஏறும், இறங்கும், அடர்த்தி மாறும். பாட்டு அலைபோல் பெருகியும் தேய்ந்தும் கேட்டதற்கு அதுவே காரணம். மத்திய அலைகள் பகலில் அந்த வழியில் செல்ல இயலாமல் கீழடுக்கிலேயே உறிஞ்சப்படுகின்றன. தரையை ஒட்டியே ஓடவேண்டும். வறண்ட நிலம் அவற்றை விரைவில் விழுங்கிவிடும். ஆனால் உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே கடலின் மேல் அவை நெடுந்தொலைவு வலிமை குன்றாமல் செல்கின்றன. எங்கள் ஊரில் பகலிலும் இலங்கை தெளிவாகக் கேட்டதற்கும், உள்நாட்டு உறவினர் வீட்டில் அது கேளாததற்கும் இதுவே காரணம். தந்தையாருக்குச் சோறு போட்டது உப்பு. பாட்டுக் கொணர்ந்ததும் அந்த உப்பே என்று இப்போது எண்ணிக்கொள்கிறோம்.

பெங்களூர் இதில் கேட்போர் நகரமாக மட்டும் இருந்துவிடவில்லை. 1954-இல் ஜாலஹள்ளியில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1961-இல் வானொலி வால்வுகளையும், அதற்கடுத்த ஆண்டில் டிரான்சிஸ்டர் போன்ற ஜெர்மானியக் கருவிகளையும் செய்யத் தொடங்கியது. 1964 முதல் அகில இந்திய வானொலிக்கு ஒலிபரப்பிகளையும் செய்து கொடுத்தது. அது போன்ற பொதுத்துறை ஆலைகளை நாடி வந்து இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் மாலையில் ஊர்ப்பாட்டைக் கேட்டனர்.

இப்போது மனத்தின் பக்கம் வருவோம். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் 'உங்கள் வாழ்வில் நினைவுக்கு வரும் நிகழ்ச்சிகளைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகளே மிகுதியாக வருகின்றன. இதை உளவியலார் நினைவின் மேடு என்று குறிப்பிடுகின்றனர். பலவும் முதன்முறையாக நிகழும் பருவம் அது. நாம் யார் என்று நாமே அறியத் தொடங்கும் பருவமும் அதுவே. அக்காலத்தில் கேட்ட பாட்டுகளும் இம்மேட்டில் ஏறி அமர்ந்துவிடுகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் க்ரம்ஹான்சல், துணை ஆய்வாளர் ஒருவருடன் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் வியப்பான செய்தி ஒன்று உள்ளது. இருபது வயது இளைஞர்களுக்குத் தம் காலப் பாடல்கள் மட்டுமன்றி, தம் பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களும் தனிப்பட்ட நினைவுகளைக் கிளப்பின. வீட்டில் ஒலிப்பது பிள்ளைகளுக்கும் உரியதாகிவிடுகிறது என்பது இதன் பொருள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வேற்று மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவோர் இதைச் சிந்தித்தல் நலம்.

பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையில் நிகழ்வதையும் ஆய்ந்திருக்கின்றனர். கலிபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா 2009-இல் வெளியிட்ட ஆய்வு, சொந்த வாழ்வின் நினைவைத் தூண்டும் பாட்டைக் கேட்கையில் நெற்றிக்குப் பின்னே நடுவில் உள்ள மூளைப்பகுதி சிறப்பாகச் செயற்படுவதைக் காட்டியது. பாட்டின் போக்கைத் தொடர்வதும் நம்மைப் பற்றிய நினைவைக் கோப்பதும் அவ்விடத்தில் சேர்ந்து நடைபெறுகின்றன. பாட்டின் சொல் மறந்தும் தந்தையாரின் ஈரத் துண்டு மறவாமல் இருந்தது இதனால்தான் போலும்.

வானொலிக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் உண்டு. இன்று வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கலாம். ஆதலின் ஒரு பாட்டு ஆயிரம் வெவ்வேறு பொழுதுகளோடு ஒட்டி, எந்தப் பொழுதுக்கும் உரியதாகாமல் போகிறது. வானொலிப் பாட்டோ நாம் அழைத்து வருவதன்று. குறித்த நிகழ்ச்சியில், குறித்த வேளையில், அறிவிப்பாளர் விரும்பிய நாளில் வரும். வந்த நாளில் அடுப்பில் இருந்ததும், வாசலில் நின்றவரும், அன்று எழுதவேண்டிய தேர்வும் அதனுடன் சேர்ந்து பதியும். கிட்டாத பொருளுக்கு மதிப்பு மிகும். கேட்க இயலாத ஆண்டுகளே அதன் நினைவைக் கலப்பின்றிக் காத்தன.

பிரிந்து வாழ்வோருக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஊர் ஏக்கத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'நோஸ்டால்ஜியா' என்னும் சொல்லை, 1688-இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வுரையில் ஆக்கினார். அதை அவர் ஒரு நோயாகவே கொண்டார். அயல்நாடுகளில் கூலிப்படையாகப் பணியாற்றிய சுவிட்சர்லாந்து வீரர்கள் தம் மலைநாட்டு மாட்டிடையர் பாட்டைக் கேட்டால் அழுது படையைவிட்டு ஓடிவிடுவர் என்றும், அதனால் அப்பாட்டைப் படையில் இசைப்பது தடுக்கப்பட்டதென்றும் ரூசோ தம் இசை அகராதியில் எழுதியுள்ளார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அச்சொல்லைத் தமிழில் எவ்வாறு தருவது என்ற வினா எழுவது இயல்பு. ஈழத்து எழுத்தாளர் எஸ். பொ. தம் நூலொன்றுக்கு 'நனவிடை தோய்தல்' என்று பெயரிட்டார். அதில் நோயின் சாயல் இல்லை. நீராடும் குளிர்ச்சி உள்ளது. அந்தச் சொல்லையே நாங்கள் விரும்புகிறோம்.

எங்கள் தேடலுக்கு மீள்வோம். முதலில் மெட்டை முணுமுணுத்து நண்பர்களைக் கேட்டோம். எங்கள் தொண்டையிலிருந்து வந்தது அவர்களுக்கு எந்தப் பாட்டாகவும் தோன்றவில்லை. பின்னர் ஊரில் உள்ள அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தோம். அவருக்கும் சொற்கள் நினைவில்லை. ஆனால் பாட்டுக்கு முன் அறிவிப்பாளர் சொல்லும் படத்தின் பெயர் நினைவிலிருந்தது: 'அலைகள் ஓய்வதில்லை'. பாரதிராஜா இயக்கத்தில், இளையராஜாவின் இசையில் 1981-இல் வெளிவந்த படம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை முதலிலிருந்து இறுதிவரை பார்த்தோம். கடலும் காதலும் பாட்டுகளும் இருந்தன. நாங்கள் தேடிய பாட்டு மட்டும் இல்லை. அண்ணனின் நினைவு பிழை என்று முடிவு செய்தோம். தந்தையார் பாடியதாக எண்ணியதும் பிழையோ என்ற ஐயம் அப்போது எழுந்தது. நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை எடுப்பது போன்றதன்று என்று பிரெடெரிக் பார்ட்லெட் என்னும் உளவியலார் 1932-ஆம் ஆண்டு நூலிலேயே காட்டினார். ஒவ்வொரு முறையும் நாம் அதைப் புதிதாகக் கட்டுகிறோம். கட்டும்போது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை நிரப்புகிறோம். அப்படியானால், எங்கள் வீட்டுக் காலைப்பொழுதில் எவ்வளவு மெய், எவ்வளவு எங்கள் கைவேலை? அன்றிரவு அவ்வினா எளிதாக இருக்கவில்லை.

சில வாரங்கள் சென்றபின், அவென்யூ சாலையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து நடைபாதைக் கடையில் இசைத்தட்டுகள் அடுக்கியிருந்தன. அவற்றுள் 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டும் ஒன்று. உறையில் அச்சிட்டிருந்த பாட்டுகளின் பட்டியலைப் படித்தபோது, படத்தில் நாங்கள் கேளாத பெயர் ஒன்று அதில் இருந்தது. எஸ். ஜானகி பாடிய, புதிய விடியலைப் பற்றிய பாட்டு. அண்ணன் சொன்னது சரி, படமும் சரி. பாட்டு இசைத்தட்டில் இடம்பெற்றது, திரையில் இடம்பெறவில்லை. இசைத்தட்டை வாங்கிச் சுழற்றிய வானொலி நிலையங்களுக்கு அந்த வேறுபாடு பெரிதன்று. ஆகவே திரையரங்கில் ஒருவரும் காணாத பாட்டு, காற்றில் மட்டும் வாழ்ந்து, ஆயிரமாயிரம் வீடுகளின் காலைப்பாட்டாக ஆயிற்று. அதே பாட்டு 2014-இல் வெளிவந்த 'மேகா' என்னும் படத்தில் மீண்டும் இடம்பெற்றது. திரையை அடைய அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. எல்லாரும் அறிந்த பாட்டை நாங்கள் மட்டும் தொலைத்துவிட்டுத் தேடினோம் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அன்று மாலை வீட்டில் அப்பாட்டை ஒலிக்கச் செய்தோம். எதிர்வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை, குரல் கேட்ட அளவிலேயே "நம்ம ஜானகியம்மா!" என்று கதவருகே வந்து நின்றார். ஆந்திரத்தில் பிறந்து, தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பாடிய அந்த அம்மையாரை ஒவ்வொரு மொழியினரும் தம்மவர் என்றே கொள்கின்றனர். அதே 1981-இல் சங்கர் நாக் இயக்கி நடித்த 'கீதா' என்னும் கன்னடப் படத்துக்கும் இளையராஜாவே இசையமைத்தார். எஸ். பி. பாலசுப்பிரமணியமும் ஜானகியும் அதில் பாடியது, தாம் கல்லூரியில் பயின்ற நாள்களின் பாட்டு என்று ஆசிரியை சொன்னார். எங்கள் பாட்டுக்குப் பின் அவர் பாட்டையும் வைத்துக் கேட்டோம். ஓர் ஆண்டில், ஓர் இசையமைப்பாளர், ஒரு பாடகி. இரு மொழிகளில் இரண்டு இளமைகள். ஊரை விட்டு வந்த இடத்தில் நமக்குக் கிடைக்கும் உறவு பல வேளைகளில் இத்தகைய கதவு வழியாகவே வருகிறது.

எங்கள் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். எங்களுடன் பெங்களூரில் இருக்கிறார். பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. தந்தையார் அவர் பெயரைச் சொல்லிப் பாடிய இடம் வந்தது. அங்கே வேறு சொல் இருந்தது. பாட்டு நின்றதும், "இது நல்ல பாட்டுதான். ஆனா இது இல்லைப்பா நம்ம வீட்டுப் பாட்டு. அதுல என் பேரு வரும்" என்றார். சொல்லிவிட்டுப் புடைவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, நாங்கள் கேளாமலே, தந்தையார் பாடியவாறு அந்த ஓர் அடியைத் தாமே பாடிக் காட்டினார். எங்கள் ஐயம் அத்தோடு தீர்ந்தது. நாங்கள் மட்டும் கட்டிய கற்பனை அன்று அது; கேட்ட இன்னொருவர் இருக்கிறார். இசைத்தட்டில் உள்ளது இளையராஜாவின் பாட்டு. பிழையாகப் பாடியதே தந்தையாரின் பாட்டு.

அவர் பாடிய அந்த அடியைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டோம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகழ்பெற்ற பாட்டுகள் எங்கேயும் போய்விடமாட்டா. இசைத்தட்டிலும் கணினியிலும் அவை கிடைக்கும். ஆனால் அவற்றைச் சுற்றி நம் வீடுகளில் வளர்ந்தவை, அதாவது மாற்றிப் பாடிய சொற்கள், அறிவிப்பாளரைப் போல் பேசிக் காட்டிய மாமா, விருப்பப் பாடலுக்கு எழுதிய அஞ்சலட்டை ஆகியவை, நினைவில் வைத்திருக்கும் மனிதர் உள்ளவரைதான் உயிரோடிருக்கும்.

ஆகவே, மறந்த பாட்டொன்றைத் தேட விரும்புவோர்க்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சில வழிகளைச் சொல்கிறோம். பிறர் பாடிக் காட்டுவதைக் கேட்பதற்கு முன்பே உங்கள் நினைவில் உள்ளதை எழுதி வையுங்கள். ஒரு முறை வேறு மெட்டைக் கேட்டுவிட்டால் பழைய மெட்டின் மேல் அது படிந்துவிடும். சொல் வாராவிட்டால் வருந்தவேண்டா. எந்த வேளை, எந்த நிலையம், ஆண்குரலா பெண்குரலா, அப்போது எந்த வகுப்பில் படித்தீர்கள் என்பவற்றைக் குறியுங்கள். அவை ஆண்டைக் காட்டும். உடன்பிறந்தோரைத் தனித்தனியே கேளுங்கள். கூடியிருந்து கேட்டால் மூத்தவர் சொன்னதே எல்லாருக்கும் நினைவாகிவிடும். படத்தில் பாட்டு இல்லையென்றால் அத்துடன் நின்றுவிடாமல் இசைத்தட்டின் பட்டியலையும் பாருங்கள். 78 சுற்று அரக்குத் தட்டுகளின் காலத்தில் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கும். ஆதலின் படத்தில் ஒருவாறும் தட்டில் வேறுவாறும் அமைந்த பாட்டுகள் பல உண்டு. வானொலி நமக்குத் தந்தது தட்டில் இருந்ததையே.

இறுதியாக ஒன்று. பாட்டைக் கண்டுபிடித்தபின் அதைத் தனியே கேட்டு மகிழ்வதோடு நில்லாமல், வீட்டில் உள்ள முதியவரை அருகில் அமர்த்திக் கேளுங்கள், பிள்ளைகளும் உடனிருக்கட்டும். "இது இல்லை நம் பாட்டு" என்று அவர் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். எது உங்கள் வீட்டுப் பாட்டு என்று கேட்டு, அவர் பாடுவதை உடனே பதிந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது காலை ஏழு மணிக்கு, பள்ளிக்குப் புறப்படும் எங்கள் மகள் அந்தப் பாட்டைப் பாடுகிறாள். தன் பாட்டியின் பெயர் வருமிடத்தில் அவள் சற்றும் தயங்குவதில்லை.